நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க!

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வாசலில் போய் நின்றன: ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு. வயதானவரைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறோம், அவர் முன்பு போல இல்லை, அங்கே இருப்பவர்களுக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை. ஆகவே சர்க்கரை, மூட்டுவலிக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மதுரையில் முதியோர் மருத்துவம் பார்க்கிற எனக்கு, அவசரப் பிரிவிலிருந்து போன் வராத இரவு அபூர்வம். கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. மூன்றாம் நாள் காலையிலிருந்து பேச்சே இல்லை, படுத்தபடி இருந்தார். எழுப்பினால் விழிப்பார், 'ம்' என்பார், திரும்பக் கண்ணை மூடிக்கொள்வார். அவசரப் பிரிவில் பிரஷர், சுகர், ஈ.சி.ஜி., தலை ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, 'எல்லாம் நார்மல், வயசாச்சு, அசதி' என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் சோடியம் (உப்பு) 116-க்கு இறங்கிவிட்டது என்று சொல்லி ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். முதல் நாளே கண்டுபிடித்திருக்க முடியாதா?
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

முடிந்திருக்கும். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே, பாட்டியோடு இரண்டு நிமிடம் பேசியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

அவருக்கு வந்தது டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பம். உடம்பில் வேறெங்கோ ஒரு கோளாறு. அதில் மூளை தடுமாறுகிறது. சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வந்துவிடும். காலையில் தெளிவு, சாயங்காலம் உளறல், நள்ளிரவில் ரகளை என்று கூடிக் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, கவனம் ஒரு இடத்தில் நிற்காது. கேள்வியை முடிப்பதற்குள் கண் வேறு பக்கம் போய்விடும்.

ட்ரிப்ஸைப் பிடுங்குவது, கத்துவது, கட்டிலிலிருந்து இறங்கி ஓடுவது, இதைத்தான் எல்லோரும் டெலிரியம் என்று நினைக்கிறார்கள். அது ஒரு வகை. உங்கள் மாமியாரைப் போல அடங்கி ஒடுங்கிக் கிடப்பது இன்னொரு வகை. முதியவர்களிடம் அதிகம் பார்ப்பது இரண்டாவதைத்தான், கையை விட்டு நழுவிப் போவதும் அதுதான். கத்துகிற தாத்தாவைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். பேசாமல் கிடக்கிற பாட்டியைப் பற்றி, 'பாவம், ஒரு தொந்தரவும் இல்லை' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பகீரென்கிறது.

அவசரப் பிரிவுக்கு வரும் முதியவர்களில் 100க்கு 8 முதல் 17 பேருக்கு டெலிரியம் இருக்கிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை அங்குள்ள மருத்துவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதும் அதே ஆய்வுகளில் வந்த செய்திதான். மருத்துவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. வாசலில் நோயாளிகளை அவசரத்துக்கு ஏற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும்போது நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவு பார்க்கிறோம். நினைவைப் பார்ப்பதற்கு இருக்கும் பழைய முறையில் நாலே படி: விழித்திருக்கிறாரா, கூப்பிட்டால் விழிக்கிறாரா, வலித்தால் விழிக்கிறாரா, எதற்கும் அசைவில்லையா. கண்ணைத் திறந்துகொண்டு குழம்பிக் கிடப்பவருக்கு இதில் இடமே இல்லை. 'விழித்திருக்கிறார்' என்று எழுதிப் பச்சைக்கு அனுப்பிவிடலாம். பிரிட்டனில் 2017-ல் 'நியூஸ்-2' என்று, நோயாளியின் ஆபத்தை அளக்கும் தங்கள் மதிப்பெண் அட்டையைத் திருத்தியபோது, 'புதிதாக வந்த குழப்பம்' என்று ஒரு படியை நுழைத்து, அதற்கு மூன்று மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த அட்டையில் ஒரு தனி அம்சத்துக்குக் கிடைக்கும் உச்ச மதிப்பெண்ணே மூன்றுதான். அவ்வளவு ஆபத்தான அறிகுறி என்று பொருள்.

தலை ஸ்கேன் நார்மல் என்பது பலருக்கும் பெரிய நிம்மதியைக் கொடுத்துவிடுகிறது. ரத்தக்கசிவு, பெரிய பக்கவாதம் இவற்றை ஸ்கேன் காட்டும். ஆனால் டெலிரியத்துக்கான காரணம் பெரும்பாலும் தலைக்குள் இருப்பதில்லை. நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று, உப்புக் குறைவு, தாழ் சர்க்கரை, நாலு நாள் மலச்சிக்கல், அடைத்துக்கொண்ட சிறுநீர், புதிதாகக் கொடுத்த மாத்திரை, நெஞ்சு வலியே இல்லாமல் வந்த மாரடைப்பு, இப்படி எங்கே வேண்டுமானாலும் இருக்கும். உங்கள் மாமியாரின் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று சிறிய எழுத்தில் இருக்க வாய்ப்புண்டு. அவை சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மருந்துகள். வயதானவர்களுக்கு அதனாலேயே சோடியம் இறங்கும். கூடவே வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் பேதி, வாந்தி வரும் நாட்களில் அதை என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. 'உப்புக் குறைஞ்சிருக்கு' என்று கேள்விப்பட்டதும் வீட்டில் உப்பைக் கரைத்துப் புகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சோடியத்தை மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறையே சிதையும். மணிக்கு மணி ரத்தம் எடுத்துப் பார்த்து ஐ.சி.யூ.வில் செய்யும் வேலை அது.

கேள்வி: அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டெலிரியத்தைக் கண்டுபிடிக்கும் '4ஏடி' என்ற சோதனையைப் பற்றி ஒரு வகுப்பில் சொன்னார்கள். அதில் டிசம்பரிலிருந்து மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்ல வேண்டுமாம். எங்கள் வார்டுக்கு வரும் அப்பத்தாக்களிடம் இதைக் கேட்டால், 'இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு' என்று என்னைத்தான் பார்ப்பார்கள். நைட் டியூட்டியில் இருப்பதே இரண்டு பேர். நடைமுறையில் இது முடியுமா மேடம்?
– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

முடியும் சிஸ்டர். உங்கள் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். இந்தச் சோதனையைச் செய்யப்போவது நீங்கள்தான், நாங்கள் இல்லை.

டெலிரியத்தைக் கண்டுபிடிக்க 1990-ல் அமெரிக்காவில் டாக்டர் ஷாரன் இனோய் ஒரு முறையை வகுத்தார். 'கேம்' என்பார்கள். திடீரென்று வந்து கூடிக் குறைவது, கவனம் நிற்காமை, இந்த இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே கோர்வையில்லாத பேச்சோ விழிப்புநிலை மாற்றமோ ஒன்றாவது இருக்க வேண்டும். நல்ல முறை. ஆனால் பயிற்சி வேண்டும், பொறுமையாக உட்கார்ந்து பேசவும் வேண்டும். அவசரப் பிரிவில் இரண்டுக்கும் பஞ்சம். 2013-ல் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஜின் ஹானும் குழுவினரும் அவசரப் பிரிவுக்கென்றே இரண்டு படியில் ஒன்றைச் செய்தார்கள். முதல் படியில் விழிப்புநிலையைப் பார்த்துவிட்டு, 'லஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக் கூட்டச் சொல்வார்கள். திருப்புவனம் பக்கத்திலிருந்து வரும் அப்பத்தாவிடம் இது எடுபடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

4ஏடி, எடின்பரோவில் டாக்டர் அலஸ்டர் மக்லூலிக் குழுவினர் உருவாக்கியது. தனிப் பயிற்சி வேண்டாம். இரண்டு நிமிடம் போதும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2023-ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது இதைப் பெயர் சொல்லியே பரிந்துரைத்தது. உள்ளே இருப்பது நாலு விஷயம்.

முதலாவது விழிப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தொட்டு எழுப்புங்கள். விழித்துப் பத்து விநாடிக்குள் தெளிவாகிவிட்டால் 0. அப்புறமும் சொக்கிச் சொக்கி விழுந்தால், அல்லது படபடவென்று ஆர்ப்பாட்டம் செய்தால் நேராக 4. இரண்டாவது, வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் வருடம் ஆகிய நாலு கேள்விகள். ஒரு தவறுக்கு 1. இரண்டோ அதற்கு மேலோ தவறினால் 2. மூன்றாவது, நீங்கள் சொன்ன தலைகீழ் மாதங்கள். ஏழு மாதம் சரியாகச் சொன்னால் 0, தொடங்கிவிட்டு ஏழுக்குள் நின்றாலோ சொல்ல மறுத்தாலோ 1, சோதிக்கவே முடியாத நிலையில் இருந்தால் 2. நாலாவது, இந்த மாற்றம் திடீரென்று வந்ததா, கூடிக் குறைகிறதா? ஆம் என்றால் 4. மொத்தம் 12. நாலோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம் இருக்கலாம் என்று டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஒன்று முதல் மூன்று வரை என்றால் மறதி நோய் போல வேறு ஏதாவது இருக்கலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடம் போனவர்களுக்கு வசதியான இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே 4 மதிப்பெண்தான். கண்ணால் பார்த்துச் சொல்லும் விழிப்புக்கு 4, வீட்டாரிடம் கேட்கும் மாற்றத்துக்கு 4. இந்த எட்டுக்கும் எழுத்தறிவு தேவையில்லை. உங்கள் அப்பத்தா வருடத்தைத் தப்பாகச் சொல்லி, மாதமும் தெரியாமல் முழித்தாலும், கூட வந்த மகள் 'நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, தானே பாத்திரம் கழுவுனாங்க' என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியத்துக்கே எல்லை தாண்டிவிடும். நம்மவர்கள் இந்த வாக்கியத்தை ஸ்ட்ரெச்சருக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வருவார்கள். 'அதெல்லாம் அப்புறம் சொல்லுங்கம்மா, ஆதார் கார்டு எங்கே' என்று கேட்பவர்கள் நாம்தான்.

மாதத்துக்கு வருகிறேன். ஜனவரி, பிப்ரவரி தெரியாதவருக்குச் சித்திரை, வைகாசி தெரிந்திருக்கும். 'பங்குனிக்கு முந்தின மாசம் எது, அதுக்கு முந்தினது?' என்று பின்னோக்கிக் கூட்டிப் போங்கள். அதுவும் வராவிட்டால் ஞாயிறிலிருந்து சனி, வெள்ளி என்று கிழமைகளைக் கேளுங்கள். நீங்கள் பார்ப்பது அவருடைய அறிவை இல்லை, கவனத்தை. ஒரு கதை ஞாபகம் வருகிறது. மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், என்ன வருடம் என்றால் 'யாருக்குத் தெரியும்' என்றார். பங்குனி, மாசி, தை, மார்கழி என்று தொடங்கிச் சித்திரையில் வந்துதான் நின்றார், நடுவில் மூச்சுக்கூட வாங்கவில்லை. குழப்பமே இல்லாத மனிதர். அதே வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தேதி, வருடம், முதலமைச்சர் பெயர் எல்லாம் கணீரென்று சொன்னார். டிசம்பர், நவம்பர், அக்டோபர் சொன்னவர், 'அக்டோபர்ல காலாண்டுப் பரீட்சை லீவு முடியும்' என்று ஆரம்பித்து, வினாத்தாள் கட்டு, மழை, பையனின் கல்யாணம் என்று எங்கெங்கோ போய்விட்டார். அவருக்கு நிமோனியா. காய்ச்சல்கூட இல்லை.

இப்படி மாற்றிக் கேட்டால் அது 4ஏடி மதிப்பெண் ஆகாது. அந்தக் கணக்கு மூல வடிவத்தில் சோதித்துப் பார்த்தது. ஆகவே கேஸ் ஷீட்டில் எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். 'தமிழ் மாதம் தலைகீழாகக் கேட்டேன், மூன்றோடு நின்றுவிட்டார், இரண்டு முறை தூங்கிப்போனார்' என்று நடந்ததை எழுதுங்கள். காலையில் ரவுண்ட்ஸ் வருபவருக்கு அது எண்ணைவிட அதிகம் சொல்லும்.

வயதும் பிறந்த தேதியும் நம் ஊரில் தனிக் கூத்து. ஆதாரில் பாதிப் பேர் ஜனவரி 1-ல் பிறந்திருக்கிறார்கள். 'போன வாரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா?' என்று வீட்டாரைக் கேட்டுவிடுங்கள். இடம் கேட்டால் 'பெரியாஸ்பத்திரி' என்பது சரியான பதில்தான். வீட்டார் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள், கையமர்த்துங்கள். உங்கள் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி, முகம் தெரிய, நன்றாகக் கேட்கிற காதுப் பக்கம் நின்று பேசுங்கள். காது கேட்காதவரைக் குழப்பம் என்று எழுதுவதும், குழப்பமானவரைக் காது கேட்கவில்லை என்று விடுவதும் இரண்டுமே நடக்கிறது.

ரொம்பவும் மயங்கிக் கிடப்பவருக்குப் 'பரிசோதிக்க இயலவில்லை' என்று கோடு போட்டுவிடும் வழக்கம் ஒன்று உண்டு. கோடு போடாதீர்கள். பதில் சொல்ல முடியாத நிலைக்கும் இந்தச் சோதனையில் மதிப்பெண் இருக்கிறது. வாசலில் பார்த்துப் பூஜ்யம் வந்தாலும், ஷிஃப்ட் மாறும்போது இன்னொரு முறை பாருங்கள். வோல்டேஜ் சரியில்லாத வீட்டு பல்பு மாதிரி, நீங்கள் பார்த்த நேரத்தில் அது பிரகாசமாக எரிந்திருக்கலாம்.

இரண்டு பேர்தான் என்றீர்கள். எல்லோருக்கும் முடியாத இரவில் ஒரே ஒரு கேள்வி போதும். கூட வந்தவரிடம்: 'சமீபத்துல வழக்கத்தைவிடக் குழப்பமா இருக்காரா?' இதை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. ஒன்றும் கேட்காமல் விடுவதைவிட எவ்வளவோ மேல். 'ஆமாம்' என்று சொல்லப்பட்டவருக்காவது முழுச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டி இரண்டு நாட்களாக, இறந்துபோன தாத்தா கட்டில் ஓரத்தில் வந்து நிற்கிறார், கூப்பிடுகிறார் என்கிறார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டுகிறார். பூசாரியை வரவழைத்து மந்திரிக்கலாம் என்கிறார் பெரியப்பா. என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், அருப்புக்கோட்டை

108-ஐக் கூப்பிடுங்கள் தம்பி. பெரியப்பா ஆசைப்பட்டால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் விபூதி பூசிவிடட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இல்லாததைக் காண்பது டெலிரியத்தில் சகஜம். காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர் கடைசியாக எப்போது போனார், புதிதாக என்ன மாத்திரை என்று மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்புவலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்சிபெனிடில், இவை முதியவர்களை இப்படி ஆட்டிவைக்கும். பாட்டி தாத்தாவைப் பார்த்ததாகச் சொல்லும்போது வாதம் செய்யாதீர்கள். 'பயமா இருக்கா? நான் இருக்கேன்' என்றால் போதும்.

கேள்வி: 72 வயதான என் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவசரப் பிரிவில் வார்டு கிடைக்கும் வரை ஸ்ட்ரெச்சரிலேயே இருந்தார். இரண்டாம் நாள் இரவு ட்ரிப்ஸைப் பிடுங்கினார், நர்ஸை அடிக்கப் போனார். இரண்டு கையையும் கட்டி, தூங்குவதற்கு ஊசி போட்டார்கள். அடுத்த நாள் முழுக்க எழவில்லை. இது சரியான சிகிச்சையா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

நேரில் பார்க்காமல் சரி, தப்பு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எந்த வரிசையில் யோசித்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் வலி. எலும்பு முறிந்தவர் அசையும்போதெல்லாம் உயிர் போகிற வலி. அதைச் சொல்லத் தெரியாதவர் அடிக்கத்தான் செய்வார். தொடை மடிப்பில் ஊசி போட்டு நரம்பை மரக்கவைக்கும் முறை இருக்கிறது. அவசரப் பிரிவிலேயே செய்யலாம். பலமான வலி மருந்தின் தேவை அதில் வெகுவாகக் குறையும். அடுத்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. படுத்தபடி சிறுநீர் போக முடியாமல் பை நிரம்பி முட்டிக்கொண்டிருக்கும். வடித்த சற்று நேரத்தில் ஆர்ப்பாட்டம் அடங்கிய தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஆக்சிஜன், சர்க்கரை. கட்டிலில் கட்டிப்போடுவது கடைசியிலும் கடைசி. கட்டக் கட்டத் திமிறுவார்.

பிறகு, நம் குடும்பங்கள் மறைக்கும் ஒன்று. அப்பாவுக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் உண்டா? நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், வியர்வை, படபடப்போடு வரும் டெலிரியம் தனி ரகம், உயிரையே எடுக்கும். அதற்குச் சிகிச்சையும் வேறு. லோராசிபாம் போன்ற அமைதிப்படுத்தும் மருந்து அங்கே அவசியம். தையமின் (வைட்டமின் பி1) ஊசி அவசியம். மற்ற டெலிரியத்துக்கு அதே லோராசிபாம் கொடுத்தால் குழப்பம் கூடவே செய்யும். ஒரே ஊசி ஒருவருக்கு உயிர்காப்பு, இன்னொருவருக்கு உபத்திரவம். எது என்று தீர்மானிக்க டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும். அம்மா முன்னால், சம்பந்தி முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

தனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்கிற நிலையில், வேறு எதற்கும் அடங்காவிட்டால், ஆர்ப்பாட்டத்தை அடக்கும் ஹாலோபெரிடால் மருந்தை மிகக் குறைந்த அளவில் சில நாட்களுக்குக் கொடுப்பதுண்டு. பார்க்கின்சன் நோய் இருப்பவருக்கு அதுவும் கூடாது. மறுநாள் முழுக்க எழவில்லை என்கிறீர்களே, அதை 'நல்லா ரெஸ்ட் எடுக்கிறார்' என்று யாராவது சொல்லியிருந்தால், முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலை அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு நாலு வருடமாக மறதி நோய். எப்போதுமே குழப்பம்தான். அவருக்கு டெலிரியம் வந்தால் எப்படித் தெரியும்?
– ஒரு வாசகி, விருதுநகர்

உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்கும். டெலிரியம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்று சொல்கிற மாதிரி வரும். மறதி நோய் இருப்பவருக்குத்தான் அது சீக்கிரம் வரும் என்பதும் உண்மை. பெயர் மறந்தாலும் தானே சாப்பிடுகிறவர், இன்று சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தால், அது மறதி நோயின் வேலை இல்லை. அவசரப் பிரிவில் 'டிமென்ஷியா' என்று ஒரு சொல்லை மட்டும் சொன்னீர்களானால் அதோடு கதவை மூடிவிடுவார்கள். 'போன வாரம் இதைச் செய்தார், இப்போது செய்யவில்லை' என்று சொல்லுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயதான பெண்களுக்குச் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம், எந்தத் தொல்லையும் இல்லாமலேயே இருக்கும். சிறுநீர் ரிப்போர்ட்டில் கிருமி தெரிந்ததும் 'காரணம் கிடைச்சாச்சு' என்று ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கிவிட்டு மற்றதைத் தேடாமல் நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. காய்ச்சல், எரிச்சல், அடிவயிற்று வலி ஏதாவது இருக்கிறதா, நெஞ்சு எக்ஸ்ரே பார்த்தாயிற்றா, சோடியம் எவ்வளவு என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும் அப்பா, அம்மாவை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அவசரப் பிரிவுக்குப் போகும்போது என்ன எடுத்துப் போவது? உள்ளே அட்டெண்டரை (கூட வந்தவரை) விடுவதும் இல்லையே?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

மாத்திரை டப்பாவை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள்; சித்த மருந்து, மருந்துக்கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது எல்லாம் சேர்த்து. கண்ணாடி, காது மெஷின், பல் செட். தொலைந்துபோகும் என்று காது மெஷினைக் கழற்றி மகள் கைப்பையில் வைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். அவருக்குக் காதில் இருக்க வேண்டிய நேரமே அதுதான். சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் தாழ் சர்க்கரையில் குழம்பி வந்தால், குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிடுவார். உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். மாத்திரையின் வேகம் குறையாமல், சில மணி நேரத்தில் திரும்பச் சர்க்கரை இறங்கும்.

அட்டெண்டர் விஷயத்தில் ஆஸ்பத்திரிகளோடு எனக்கும் சண்டை உண்டு. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை டாக்டர் இனோயின் குழு 1999-ல் வெளியிட்டது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. தனிக் கவனிப்பில் 9.9 சதவீதம். தனிக் கவனிப்பு என்றால் விலை உயர்ந்த மருந்து என்று நினைக்காதீர்கள். நேரம், இடம் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பது, எழுப்பி நடக்கவைப்பது, தண்ணீர் கொடுப்பது, கண்ணாடி, காது மெஷின் மாட்டிவிடுவது, ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகுத் தடவலும். அங்கே அதற்குத் தன்னார்வலர்களைத் தேடிப் பிடித்தார்கள். நம் ஊரில் அதே வேலையைச் செய்ய மகளும் பேரனும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். 'குழப்பம் இருக்கிறது, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்' என்று டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். பத்து பேருக்குக் கேட்காதீர்கள், ஒருவருக்குக் கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.

கேள்வி: பெரியவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மாற்றி மாற்றிப் பேசுகிறார். நடுவில் தெளிவாகவும் பேசுகிறார். வீட்டுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து பாக்கி. தெளிவாக இருக்கும்போது வாங்கிக்கொள்ளலாமா? நீங்கள் ஒரு சர்ட்டிஃபிகேட் கொடுப்பீர்களா?
– பெயரும் ஊரும் இல்லாத கடிதம்

கொடுக்க மாட்டேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 12-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காய்ச்சலில் புத்தி தடுமாறியிருப்பவர் அந்தத் தடுமாற்றம் நீடிக்கும் வரை ஒப்பந்தம் செய்ய முடியாது என்று உதாரணமே எழுதி வைத்திருக்கிறார்கள். உயில் விஷயத்திலும் நிலைமை அதேதான். தெளிவான இடைவெளியில் வாங்கலாம் என்று அதே சட்டத்தைக் காட்டி உங்கள் வக்கீல் சொல்லலாம்; ஆனால் காலையில் தெளிவு, மதியம் குழப்பம் என்று நர்ஸ் சிஸ்டர் எழுதிய குறிப்பு கேஸ் ஷீட்டில் இருக்கும், நாளைக்கு உங்கள் தங்கை அதைக் கோர்ட்டில் கேட்டு வாங்குவார்.

காரணத்துக்குச் சிகிச்சை கொடுத்தபின் பலர் சில நாட்களில் தெளிவார்கள். சிலருக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். பெரியவர் வீடு திரும்பி, பேப்பர் படித்து, காபியில் சர்க்கரை குறைவு என்று சண்டை போட ஆரம்பித்தபின் கேளுங்கள். அப்போது அவர் மாட்டேன் என்றாலும், அது அவருடைய பதில்.